அமெரிக்கர்கள் கைக்குத் துப்பாக்கி எப்படி வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் போதும், நம் வாட்ஸப் குழுக்களில் அதே கேள்விகள் மறுபடி கிளம்பும். பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்கிறார்கள், அதனால் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அங்கே வரும் பதில்களில் பாதி சினிமாவில் பார்த்தது, மீதி "அது அவங்க ரத்தத்துலயே இருக்கு" என்ற ஒற்றை வரி. ரத்தத்தில் எதுவும் இல்லை. சட்டம் போட்டவர்கள், தொழிற்சாலை கட்டியவர்கள், விளம்பரம் எழுதியவர்கள், பயந்தவர்கள், பயமுறுத்தியவர்கள் என்று பலர் சேர்ந்து நானூறு வருடத்தில் உருவாக்கியது இது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பக்கம்.

அங்கே உண்மையிலேயே ஆளுக்கொரு துப்பாக்கி இருக்கிறதா?

எண்ணிக்கையில் பார்த்தால் அதைவிட அதிகம். ஜெனீவாவில் உள்ள ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள், அதாவது 100 பேருக்கு 120. நாடுகள் வரிசையில் அடுத்து நிற்கும் ஏமனில் 100 பேருக்கு 53தான். ஆனால் இது எல்லார் வீட்டிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. 2023-இல் ப்யூ ஆய்வு மையம் கேட்டபோது பெரியவர்களில் 32 சதவீதம் பேர்தான் சொந்தமாகத் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கர்களுக்குச் சொந்தத் துப்பாக்கி கிடையாது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இது எங்கே ஆரம்பிக்கிறது? சுதந்திரப் போரிலா?

அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னால். இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்களோடு நிரந்தர ராணுவம் என்று எதுவும் போகவில்லை. பூர்வகுடிகளின் நிலத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் திருப்பித் தாக்குவார்கள் என்ற பயம் எப்போதும் இருக்கிறது, 1622-இல் வர்ஜீனியாவில் அப்படி ஒரு பெரிய தாக்குதல் நடந்தும் இருக்கிறது. அதனால் குடியேற்ற அரசுகள் ஆண்கள் எல்லாரையும் ஊர்க்காவல் படையில் சேர்த்தன. மிலிஷியா என்று அவர்கள் சொல்வது இதைத்தான். ஆயுதம் வைத்திருக்க வேண்டும், பயிற்சிக்கு வர வேண்டும், வராவிட்டால் அபராதம். 1632-இல் வர்ஜீனியா, சர்ச்சுக்கு வரும்போது துப்பாக்கியோடு வர வேண்டும் என்றே சட்டம் போட்டது.

ஆக, முதலில் துப்பாக்கி என்பது அரசு சுமத்திய கடமை. அது எப்படித் தனிமனித உரிமையாகவும் பிறகு அடையாளமாகவும் மாறியது என்பதுதான் இங்கே உண்மையான கதை. இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை.

இதில் இங்கிலாந்துப் பங்கும் ஒன்று உண்டு. கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் புராட்டஸ்டண்ட் குடிமக்களின் ஆயுதத்தைப் பிடுங்குகிறார் என்று கொந்தளித்து, அவரை விரட்டிய பிறகு 1689-இல் நாடாளுமன்றம் ஒரு உரிமைச் சாசனம் எழுதியது. புராட்டஸ்டண்டுகள் தங்கள் நிலைக்கு ஏற்ற, சட்டம் அனுமதிக்கிற ஆயுதங்களைத் தற்காப்புக்கு வைத்திருக்கலாம் என்றது அது. நிபந்தனைகளைக் கவனியுங்கள்: மதம், அந்தஸ்து, சட்டத்தின் அனுமதி. அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் தங்களையும் ஆங்கிலேயர்களாகவே நினைத்ததால் அந்த உரிமை தங்களுக்கும் உண்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்ததா, இல்லை அதுவும் கட்டுக்கதையா?

இதில் பெரிய கலவரமே நடந்திருக்கிறது. 2000-இல் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களை ஆராய்ந்ததில் 18-ஆம் நூற்றாண்டில் ஏழு வீட்டுக்கு ஒன்றில்தான் துப்பாக்கி இருந்தது, துப்பாக்கிக் கலாச்சாரம் முழுக்கப் பிற்காலத்தில் வந்தது என்று எழுதினார். பெரிய விருதும் கொடுத்தார்கள். அப்புறம் மற்ற ஆய்வாளர்கள் அதே பட்டியல்களைத் திறந்து பார்த்தால் எண்கள் பொருந்தவில்லை. 1906 சான் ஃப்ரான்சிஸ்கோ பூகம்பத்தில் எரிந்துபோன ஆவணங்களையும் படித்ததாகச் சொல்லியிருந்தார்! 2002-இல் விருது திரும்பப் பெறப்பட்டது, அவரும் வேலையை விட்டுப் போனார். 1774-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல்களின் ஒரு தொகுப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலானவற்றில் துப்பாக்கி இருக்கிறது. எனவே துப்பாக்கி பரவலாக இருந்தது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் ஒரு முறை சுட்டுவிட்டு வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டிய துப்பாக்கி, கோடாரி மண்வெட்டி போல வீட்டில் கிடந்த ஒரு சாமான். அதன் மேல் யாரும் பெரிதாகப் பாசம் வைத்ததாகத் தெரியவில்லை.

சுதந்திரப் போரைத் தொடங்கியதே துப்பாக்கிப் பறிமுதல்தான் என்கிறார்களே?

ஓரளவு சரி. 1774-இலேயே பாஸ்டன் பக்கத்தில் வெடிமருந்துக் கிடங்கைப் பிரிட்டிஷ் படை காலி செய்தது, ஊரெல்லாம் பதறியது. 1775 ஏப்ரல் 19 அன்று கன்கார்ட் என்ற ஊரில் பதுக்கி வைத்திருந்த ஆயுதங்களை அழிக்கப் படை கிளம்பியபோதுதான் வழியில் லெக்சிங்டனில் முதல் வேட்டு வெடித்தது. அடுத்த நாள் இரவே வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் வில்லியம்ஸ்பர்க் கிடங்கிலிருந்து வெடிமருந்தை எடுத்துக்கொண்டு போனார். ஆயுதத்தைப் பிடுங்கும் அரசு கொடுங்கோல் அரசு என்ற எண்ணம் அன்றைக்கு விதைத்ததுதான்.

ஆனால் விவசாயிகள் வீட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்ப் பேரரசை வீழ்த்தினார்கள் என்ற பகுதி பாதிதான் உண்மை. மிலிஷியாவை நம்புவது ஒடிந்த கோலை ஊன்றி நிற்பது போல என்று ஜார்ஜ் வாஷிங்டனே 1776-இல் எழுதினார். போரை வென்றது சம்பளம் வாங்கிய, பயிற்சி பெற்ற படையும், ஃப்ரான்ஸ் கொடுத்த வெடிமருந்தும் மஸ்கட் என்ற நீளத் துப்பாக்கிகளும் கப்பல்களும். யார்க்டவுனில் 1781-இல் அந்தப் படையிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் ஐந்தே வருடத்தில் நம் ஊருக்கு கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு மோதியவர்.

இரண்டாவது சட்டத் திருத்தம் என்னதான் சொல்கிறது?

அமெரிக்க அரசியல் சட்டத்தில் செய்த இரண்டாவது திருத்தம் இது, 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரே வாக்கியம். "சுதந்திர அரசு ஒன்றின் பாதுகாப்புக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட மக்கள் படை அவசியம் என்பதால், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது" என்பது அதன் சாரம். முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு ஒரு தரப்பு, இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு மறு தரப்பு. எழுதியவர்கள் மனதில் அன்று இருந்த பெரிய கேள்வி, மத்திய அரசு நிரந்தர ராணுவம் வைத்துக்கொண்டு மாநிலங்களின் மிலிஷியாவை ஒழித்துவிடுமோ என்பது. அடுத்த ஆண்டே, 1792-இல் வந்த மிலிஷியா சட்டத்தைப் பாருங்கள்: 18 முதல் 45 வயது வரை உள்ள, உடல் தகுதியுள்ள, சுதந்திரமான, வெள்ளை ஆண் ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் மஸ்கட்டும் அதன் முனையில் மாட்டும் பயனெட் கத்தியும் 24 தோட்டாவும் வைத்திருக்க வேண்டும். உரிமையும் கடமையும் அப்போது பிரியவில்லை.

கட்டுப்பாடும் அப்போதே இருந்தது. மருந்து நிரப்பிய துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று 1783-இல் பாஸ்டனுக்குச் சட்டம் வந்தது, தீ விபத்து பயத்தால். மறைத்து ஆயுதம் வைத்துக்கொண்டு திரிவதைக் கென்டக்கியும் லூயிசியானாவும் 1813-இலேயே தடுத்தன.

"வெள்ளை ஆண்" என்று சட்டத்திலேயே இருந்ததா? அடிமை முறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெருக்கமான தொடர்பு. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றில் மிகவும் குறைவாகப் பேசப்படும் பகுதி இதுதான், இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையில்லை.

1640-இலேயே வர்ஜீனியா, எல்லாரும் ஆயுதம் வைத்திருக்கட்டும், கறுப்பினத்தவர் தவிர என்று எழுதியது. பூர்வகுடிகளுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என்ற சட்டங்களும் பல குடியேற்றங்களில் வந்தன. தெற்கே சௌத் கரோலினாவில் வெள்ளையர்களைவிட அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் அதிகம். வெள்ளையர்கள் அத்தனை பேரும் சர்ச்சில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் கலகம் வெடிக்கும் என்று பயந்து, சர்ச்சுக்கு ஆயுதத்தோடு வர வேண்டும் என்று 1739 ஆகஸ்டில் சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வருவதற்குள், செப்டம்பர் 9, ஒரு ஞாயிறு, ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்பட்டவர்கள் ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு விடுதலை கேட்டு நடக்கத் தொடங்கினார்கள். மிலிஷியா வந்து அடக்கியது, பலர் கொல்லப்பட்டார்கள். இரவில் குதிரையில் சுற்றி அனுமதிச் சீட்டு கேட்டு அடிமைகளைப் பிடித்த ரோந்துப் படைகளும் பல இடங்களில் இந்த மிலிஷியாவோடு சேர்ந்தே இயங்கின. ஆயுதம் யார் கையில் என்பதுதான் அந்தச் சமூகத்தின் அதிகாரக் கணக்கு.

வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே நடந்த உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து அடிமை முறை ஒழிந்த கையோடு மிஸிஸிப்பி செய்த வேலை, விடுதலை பெற்றவர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கத் தடை. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல்கள் வீடு வீடாகப் போய்க் கறுப்பினத்தவரின் ஆயுதங்களைப் பறித்தன. லூயிசியானாவின் கோல்ஃபாக்ஸில் 1873-இல் வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பினத்தவரைக் கொத்தாகக் கொன்றது, சரணடைந்தவர்களையும் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1876-இல் வந்த தீர்ப்பு, இரண்டாவது திருத்தம் மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனிநபர்கள் இன்னொருவர் உரிமையைப் பறித்தால் அதைத் தடுக்க அது உதவாது என்றது. குற்றவாளிகள் தப்பினார்கள்.

அதனால்தான் கும்பல் கொலைகளை எதிர்த்துத் துணிந்து எழுதிய பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், கறுப்பினத்தவர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு வின்செஸ்டர் ரைஃபிளுக்கு மரியாதையான இடம் வேண்டும் என்று 1892-இல் எழுதினார். காவல்துறையும் நீதிமன்றமும் கைவிட்ட மக்களுக்கு அது கலாச்சாரம் இல்லை, உயிர்.

கௌபாய் ஊர்களில் எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி தொங்கியதே?

திரையில். கேன்சஸின் டாட்ஜ் சிட்டியில் ஊருக்குள் துப்பாக்கி எடுத்து வரக் கண்டிப்பான தடை என்று பலகையே வைத்திருந்தார்கள், அதன் புகைப்படம் இன்றும் இருக்கிறது. உலகமே அறிந்த ஓ.கே. கொரால் சண்டை, 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் நடந்தது. அங்கே அதே ஆண்டு ஏப்ரலில் ஊருக்குள் ஆயுதம் ஏந்தத் தடை வந்திருந்தது. அந்தத் தடையை மீறியவர்களிடம் ஆயுதத்தை வாங்க ஊர்க் காவலர்கள் போனபோதுதான் சண்டை மூண்டது. அரை நிமிடத்தில் மூன்று பேர் செத்தார்கள். அதாவது துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அமல்படுத்தப் போன இடத்தில் நடந்ததைத்தான் கட்டுப்பாடே இல்லாத காலத்தின் சின்னமாக நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1883-இல் பஃபலோ பில் தொடங்கிய வைல்ட் வெஸ்ட் காட்சிகளும், காசுக்கு விற்ற மலிவு நாவல்களும் ஆரம்பித்து வைத்ததை சினிமா முடித்து வைத்தது.

அப்படியானால் துப்பாக்கி மேல் ஆசைப்பட வைத்தது யார்?

பெரும் பங்கு, விற்றவர்கள். அரசு ஸ்ப்ரிங்ஃபீல்டில் 1794-இல் ஆயுத ஆலை அமைத்தது, எலி விட்னி போன்ற தனியார்களுக்கு 1798-இல் 10,000 மஸ்கட் ஆர்டரும் முன்பணமும் கொடுத்தது (இரண்டு வருடத்தில் தருவதாகச் சொன்னவர் பத்து வருடம் எடுத்துக்கொண்டார்). இயந்திரத்தில் ஒரே அளவாகப் பாகம் செய்யும் தொழில்நுட்பம் இப்படி அரசுப் பணத்தில்தான் வளர்ந்தது. சிக்கல் என்னவென்றால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், போர் எப்போதும் இருக்காது.

சாமுவேல் கோல்ட் 1836-இல் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்க ஆளில்லாமல் 1842-இல் கம்பெனி மூடப்பட்டது. இதை நன்றாக யோசித்துப் பாருங்கள், துப்பாக்கி வெறி பிடித்த தேசம் என்கிறோம், அந்தத் தேசத்தில் ரிவால்வர் கம்பெனி திவாலாகியிருக்கிறது. மெக்சிகோவோடு போர் வந்து 1847-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் என்ற எல்லைக் காவல் படையின் சாமுவேல் வாக்கர் மூலம் அரசு 1,000 ரிவால்வர் கேட்ட பிறகுதான் அவருக்கு மறுவாழ்வு. அதன் பின் அவர் விற்றது துப்பாக்கியோடு ஒரு கனவையும். ரிவால்வரின் உருளையிலேயே ரேஞ்சர்கள் பூர்வகுடிகளோடு மோதும் காட்சியைச் செதுக்கினார், இன்னொரு மாடலில் வழிப்பறிக்காரர்கள் குதிரை வண்டியை மறிக்கும் காட்சி. ஓவியர் ஜார்ஜ் கேட்லினுக்குப் பணம் கொடுத்து, வேட்டைக் காட்சிகளில் கோல்ட் துப்பாக்கி தெரியும்படி வரையச் செய்தார். 1850-களிலேயே இது!

ஆலிவர் வின்செஸ்டர் சட்டை தைத்து விற்ற முதலாளி. 1866-இல் தன் பெயரில் ரைஃபிள் கம்பெனி தொடங்கினார். ஆரம்ப காலப் பெரிய ஆர்டர்களில் ஒன்று ஒட்டோமான் பேரரசு வாங்கிய சுமார் 50,000. மேற்கை வென்ற துப்பாக்கி என்ற புகழ்பெற்ற வாசகம், மேற்கெல்லாம் வென்று முடிந்த பிறகு, 20-ஆம் நூற்றாண்டில் விளம்பரத்துக்காக எழுதப்பட்டது. ஊர்கள் நகரங்களாகி, வேட்டையும் ஓநாயும் இல்லாத வீடுகளில் துப்பாக்கிக்கு என்ன தேவை என்ற கேள்வி வந்தபோது கம்பெனி சிறுவர்கள் பக்கம் திரும்பியது. 10 முதல் 16 வயது வரை உள்ள 33 லட்சத்துக்கும் மேற்பட்ட பையன்களைக் குறிவைத்து முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு விற்பனைத் திட்டமே போட்டார்கள். துப்பாக்கி இல்லாமல் ஆண்பிள்ளை வளர முடியாது என்ற எண்ணத்தைக் காசு கொடுத்துப் பரப்பினார்கள். ஒரு குழந்தையின் மனதில் இப்படி விதைப்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அஞ்சல் வழி விற்பனையும் பெரிது. 1963-இல் அதிபர் கென்னடியைச் சுட்ட இத்தாலிய ரைஃபிள், பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைத்தது. விலை 19 டாலர் 95 சென்ட்.

துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் என்.ஆர்.ஏ. (நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன்) எப்போதும் இப்படித்தானா?

இல்லை. உள்நாட்டுப் போரில் சிப்பாய்களின் குறி மோசமாக இருந்ததைப் பார்த்து நொந்த வடக்குப் படை அதிகாரிகள் 1871-இல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம் அது, சுடப் பழக்குவதற்காக. சிகாகோ கும்பல்களின் காலத்தில், 1934-இல் மெஷின் கன்களுக்கு 200 டாலர் வரி போடும் சட்டம் வந்தபோது அதன் தலைவர் கார்ல் ஃப்ரெடெரிக் நாடாளுமன்றக் குழு முன், ஆளாளுக்குத் துப்பாக்கி தூக்கித் திரிவதை நான் ஆதரிக்கவில்லை, அது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்றே சொன்னார்.

1967 மே மாதம் கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர் துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். உடனே பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்தத் தடைச் சட்டம் வந்தது, கையெழுத்திட்ட ஆளுநர் ரானல்ட் ரீகன். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு மத்தியச் சட்டமும் கடுமையானது. சங்கத் தலைமை அரசியலை விட்டு வேட்டை, இயற்கை, சுடுதளம் என்று ஒதுங்க நினைத்தது, தலைமையகத்தைக் கொலராடோவுக்கு மாற்றவும் திட்டம். 1977 மே மாதம் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் ஆரஞ்சுத் தொப்பி அணிந்த உறுப்பினர்கள் விடிய விடிய ஓட்டெடுப்பு நடத்திப் பழைய தலைமையைக் கவிழ்த்து ஹார்லன் கார்ட்டரைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் பார்க்கும் என்.ஆர்.ஏ. அந்த இரவில் பிறந்தது. 1980 அதிபர் தேர்தலில் அது ஆதரித்தது அதே ரீகனை.

கனடாவிலும் காடும் எல்லையும் இருந்ததே, அங்கே ஏன் இப்படி ஆகவில்லை?

கனடாவின் மேற்குப் பகுதியில் குடியேற்றம் பெருகுவதற்கு முன்பே, 1873-இல், குதிரைப் போலீஸ் படை அமைக்கப்பட்டது. ஆயுதப் புரட்சியில் பிறந்த நாடும் இல்லை அது. வேட்டைத் துப்பாக்கி அங்கேயும் நிறைய உண்டு, ஆனால் அரசை எதிர்க்க வைத்திருக்கிறேன் என்ற பேச்சு அவ்வளவாக இல்லை.

நம்மையும் அதே பிரிட்டிஷ்காரன்தானே ஆண்டான்?

ஆண்டவன் ஒருவன், நடத்தியது வேறு விதம். இரண்டாவது திருத்தம் வந்து பத்தே வருடத்தில், 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு, டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களில் உள்ளவர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார். 1857-க்குப் பிறகு பயம் கூடி, 1878-இல் வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார், இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. குடகர்களுக்குக் கிடைத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. இந்தச் சட்டத்தைக் காந்தி கடுமையாகக் கண்டித்தார், அதை இன்றைய அமெரிக்கத் துப்பாக்கி ஆதரவாளர்கள் படம் போட்டுப் பரப்புகிறார்கள். அவர் அதைச் சொன்னது முதலாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்த சமயத்தில் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது எதற்காக வாங்குகிறார்கள்?

பயம். 1999-இல் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கேட்டபோது 49 சதவீதம் பேர் வேட்டைக்கு என்றார்கள், 26 சதவீதம் பேர் பாதுகாப்புக்கு. 2023-இல் ப்யூ கேட்டபோது 72 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு முக்கியக் காரணம். கேள்வி கேட்ட விதம் இரண்டிலும் ஒன்றல்ல, ஆனாலும் போக்கு தெளிவு. குற்றங்கள் 1990-களின் தொடக்கத்தைவிட வெகுவாகக் குறைந்த பிறகும் இந்தப் பயம் ஏறியிருக்கிறது.

இந்தப் பழங்கதையெல்லாம் வரலாற்று ஆசிரியர்களுக்குத்தானே, இன்றைக்கு யாருக்கு வேண்டும்?

நீதிமன்றங்களுக்கு வேண்டும். 2008-இல் ஹெல்லர் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மிலிஷியாவோடு சம்பந்தமில்லாத தனிமனிதனுக்கும் வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உண்டு என்று முதல்முறையாகத் தெளிவாகச் சொன்னது. திருத்தம் எழுதி 217 வருடம் கழித்து. 2022-இல் ப்ரூயன் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது: எந்தத் துப்பாக்கிச் சட்டமும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும், அதை அரசுதான் நிரூபிக்க வேண்டும். நியூயார்க்கில் நூறு வருடத்துக்கு மேல் இருந்த உரிமக் கட்டுப்பாடு அதோடு விழுந்தது.

அதனால் இன்று அரசு வழக்கறிஞர்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். காதலியைத் தாக்கி நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளான ஒருவன் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கே பழைய காலத்தில் முன்மாதிரி தேட வேண்டியதாயிற்று, மனைவியை அடிப்பது பெரிய குற்றமாகவே கருதப்படாத காலத்தில்! முன்மாதிரி இல்லை என்று சொல்லி, அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. ரஹிமி வழக்கு என்று பெயர். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றி, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டவரின் ஆயுதத்தைத் தற்காலிகமாக எடுத்துவிடலாம் என்றது.